அப்போஸ்தலர் பன்னிரண்டாம் அதிகாரம்: மகளுக்கு ஒரு கடிதம்

கடலூர் முதுநகர்

என் அன்பு மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. அப்பாவும் நானும் சுகமாயிருக்கிறோம். உன் கடிதத்தை அப்பா வாசித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் என் கையில் கொடுத்து, "இதற்கு நீதான் பதில் எழுத வேண்டும்" என்றார். தொலைபேசியில் பேசினால் இரண்டு பேரும் அழுதுவிட்டு, நீ கேட்ட கேள்வியைத் தொடாமலேயே வைத்துவிடுவோம் என்பதால் எழுதுகிறேன்.

மாப்பிள்ளைக்காக உபவாச ஜெபம் நடத்திய கூட்டத்தில் ஒருவர், "நாங்கள் எல்லாரும் விசுவாசத்தோடுதான் ஜெபித்தோம், மனைவியின் உள்ளத்தில் சந்தேகம் இருந்தது, அதுவே தடையாகிவிட்டது" என்று சொன்னதாக எழுதியிருக்கிறாய். அவர் யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் எனக்குக் கோபம் வரும், அந்தக் கோபத்தினால் உனக்கு ஒரு பயனும் இல்லை. ஆனால் அதன் கீழே, "அம்மா, நான் இன்னும் உறுதியாக விசுவாசித்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா?" என்று நீ எழுதியிருக்கும் வரிக்கு நான் பதில் சொல்லியே ஆக வேண்டும். உன் விசுவாசக் குறைவு அவரைக் கொல்லவில்லை. அவரைக் கொண்டுபோனது ரத்தப் புற்றுநோய். இதைத் தாய்ப்பாசத்தால் சொல்கிறேன் என்று நீ நினைத்துவிடக் கூடாது என்பதற்காக, வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டே மீதியை எழுதுகிறேன்.

உனக்கு அவர்கள் காட்டிய வசனம் யாக்கோபின் நிருபத்தில் உள்ளது: "விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளியை இரட்சிக்கும், கர்த்தர் அவனை எழுப்புவார்." இந்த வசனத்தை நான் ஒதுக்கிவிட்டுப் போகப் போவதில்லை. வியாதிப்படுக்கையில் மூப்பர்களை அழைத்து எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்லும் அந்த வார்த்தையை நம்பித்தான் நம் சபைப் போதகர் ஐயரும் வந்து மாப்பிள்ளையின் நெற்றியில் எண்ணெய் பூசினார். ஆனால் அதே அதிகாரத்தில், நான்கு வசனங்களுக்கு முன்னால், யோபின் பொறுமையைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களே என்று அந்த நிருபக்காரர் எழுதியிருப்பதை உன்னிடம் யாரும் வாசித்துக் காட்டவில்லை போலும். விசுவாசம் இருந்தால் எல்லா வியாதியும் தீர்ந்தே ஆக வேண்டும் என்பது அவருடைய கருத்தாயிருந்தால், நீதிமானாயிருந்தும் நோயில் தவித்த யோபை அவர் எடுத்துக்காட்டாகச் சொல்லியிருக்க மாட்டார். பவுலின் சரீரத்திலிருந்து கொண்டுபோன உறுமால்களைப் போட்டதாலேயே எபேசுவில் வியாதிக்காரர் சுகமடைந்தார்கள் என்று அப்போஸ்தலருடைய நடபடிகள் சொல்கிறது. அதே பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் கடைசியில், "துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்" என்று எழுதுகிறார். ஒரே ஒரு வரி. துரோப்பீமுவுக்கு விசுவாசம் போதவில்லை என்றோ, தமக்கு வல்லமை குறைந்துவிட்டது என்றோ அவர் விளக்கம் எழுதவில்லை. கூட வேலை செய்தவரை நோயோடு ஓர் ஊரில் விட்டுவிட்டு, பவுல் தம் வழியே போக வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

இப்போது நீ அப்போஸ்தலர் பன்னிரண்டாம் அதிகாரத்தை எடுத்து, இந்தக் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசி. பேதுரு சிறையிலிருந்து விடுதலையான கதையாகத்தான் ஓய்வுநாள் பாடசாலையில் அதை நாம் எல்லாரும் படித்தோம். நானே அதைப் படம் வரைந்து எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் அந்த அதிகாரம் பேதுருவோடு தொடங்கவில்லை. இரண்டாம் வசனத்தில், ஏரோது "யோவானுடைய சகோதரனாகிய யாக்கோபைப் பட்டயத்தினாலே கொலைசெய்தான்" என்று இருக்கிறது. ஆண்டவர் மறுரூபமலைக்கும் கெத்செமனேக்கும் தம்மோடு அழைத்துக்கொண்டு போன மூவரில் ஒருவர் அந்த யாக்கோபு; நிருபம் எழுதிய யாக்கோபு வேறு. அவருடைய மரணத்துக்கு வேதம் ஒதுக்கியிருப்பது ஒரு வசனம். அதற்குப் பிறகு பேதுருவைப் பிடிக்கிறார்கள், நான்கு நான்கு சேவகராக நான்கு வகுப்பைக் காவல் வைக்கிறார்கள், சபை ஊக்கத்தோடு ஜெபிக்கிறது, தூதன் வருகிறான், சங்கிலிகள் கழன்று விழுகின்றன, இரும்புக் கதவு தானாகத் திறக்கிறது. யாக்கோபுக்காகச் சபை ஜெபிக்கவில்லை என்றா நினைக்கிறாய்? பேதுருவை நேசித்த சபைதான் யாக்கோபையும் நேசித்தது. ஒருவருக்குக் கதவு திறந்தது, மற்றவருக்குத் திறக்கவில்லை. ஏன் என்று, அதை எழுதிய லூக்கா ஒரு சொல்லும் எழுதவில்லை.

அதைவிட எனக்கு ஆறுதலாயிருக்கும் இடம் இன்னும் சில வசனங்கள் தள்ளி வருகிறது. விடுதலையான பேதுரு மாற்கின் தாய் மரியாளின் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுகிறார். உள்ளே அவருக்காகத்தான் ஜெபம் நடந்துகொண்டிருக்கிறது. ரோதை என்கிற பெண் அவருடைய சத்தத்தை அறிந்து, சந்தோஷத்தில் கதவைத் திறக்கவும் மறந்து உள்ளே ஓடிப்போய்ச் சொல்ல, ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள் "நீ பிதற்றுகிறாய்" என்கிறார்கள். விடுதலைக்காக ஜெபித்தவர்களே விடுதலை வந்ததை நம்பவில்லை! கூட்டத்தில் ஒருவருடைய சந்தேகம் ஜெபத்தைத் தடுத்துவிடும் என்பது உண்மையானால், பேதுரு மறுநாள் காலையில் செத்திருக்க வேண்டும். பேய் பிடித்த மகனைக் கொண்டுவந்த தகப்பனையும் நினைத்துக்கொள். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று பாதி சந்தேகத்தோடு கதறியவனுக்குப் பிள்ளை பிழைத்துத் திரும்பக் கிடைத்தான். கெத்செமனேயில் "இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கக்கூடுமானால் நீங்கும்படி செய்யும்" என்று ஜெபித்த தேவகுமாரனுக்கோ பாத்திரம் நீங்கவில்லை. உன்னை அளந்தவர்கள் அதே அளவுகோலைக் கெத்செமனேக்கும் கொண்டுபோவார்களா என்று கேட்டுப்பார்.

எபிரெயர் பதினோராம் அதிகாரத்தை விசுவாச வீரர்களின் பட்டியல் என்று எல்லாரும் சொல்லுவார்கள், ஆனால் பெரும்பாலும் பாதியிலேயே நிறுத்திவிடுவார்கள். முப்பத்துநான்காம் வசனத்தில் சிலர் "பட்டயக்கருக்குக்குத் தப்பினார்கள்" என்று இருக்கிறது. மூன்றே வசனங்கள் தள்ளி வேறு சிலர் "பட்டயத்தினால் வெட்டப்பட்டு மரித்தார்கள்" என்று இருக்கிறது. தப்பியவரும் வெட்டுண்டவரும் ஒரே பட்டியலில் நிற்கிறார்கள். இவர்களெல்லாரும் விசுவாசத்தினாலே நற்சாட்சி பெற்றார்கள் என்றுதான் நிருபம் முடிவு சொல்கிறது. பிழைத்தது தேர்ச்சி, இறந்தது தோல்வி என்று விசுவாசத்துக்கு மதிப்பெண் போடும் வழக்கம் அங்கே இல்லை. பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் மதிப்பெண் போட்டவள் சொல்கிறேன், அந்தப் பேனாவைச் சிலர் எல்லா இடத்துக்கும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

இந்த ஊரில் வாழ்ந்தவர்களுக்கு இது புத்தகத்தில் மட்டும் உள்ள விஷயமல்ல. 2004 டிசம்பர் 26 உனக்கு நன்றாக நினைவிருக்கும். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம், சிங்காரத்தோப்பு என்று கரையோரம் முழுவதும் கடல் ஏறி, நம் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோயிற்று. சுனாமி அலை ஆழ்கடலில் உயரமில்லாமல் படகுக்கு அடியில் கடந்து போய், கரையை நெருங்கி ஆழம் குறையும் இடத்தில்தான் எழும்பும் என்று பிறகு படித்தோம். ஆபத்தான தொழில் என்று எந்தக் கடலுக்குப் போனவர்களை எண்ணி வீட்டார் பயந்துகொண்டிருந்தார்களோ, அந்தக் கடலின் ஆழத்தில் இருந்தவர்கள் பிழைக்க, வீட்டில் பத்திரமாக இருந்த பெண்களும் பிள்ளைகளும் போனார்கள்.

பாய், பாத்திரம், அரிசி கொடுத்த ஒரு கூட்டத்தில், தப்பிவந்த ஒருவர் எழுந்து, "அன்று காலை நான் ஜெபித்துவிட்டு வெளியே போனேன், அதனால் கர்த்தர் என்னைக் காத்தார்" என்று சாட்சி சொன்னார். எனக்கு முன்வரிசையில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு தாய் உட்கார்ந்திருந்தாள். அவள் வாங்கிய பாயைச் சுருட்டியபடியே மடியில் வைத்திருந்தாள். அதன் நுனியில் இருந்த பிளாஸ்டிக் நாரை விரலால் பிரித்துப் பிரித்து, சாட்சி முடிவதற்குள் ஒரு ஓரம் முழுவதையும் அவிழ்த்துவிட்டாள். பிழைத்தவர் நன்றி சொன்னதில் தவறில்லை. நன்றி சொல்லாமல் இருக்க அவரால் எப்படி முடியும்? அந்த "அதனால்" என்பதைத்தான் அவர் சொல்லியிருக்க வேண்டாம். சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேர் எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரைப் பார்க்கிலும் குற்றவாளிகளா என்று ஆண்டவரே கேட்டு, இல்லை என்று தாமே பதில் சொல்லியிருக்கும்போது, நாம் ஏன் காரணம் கண்டுபிடிக்கப் போக வேண்டும்?

உன் அண்ணனைப் பற்றி உன்னிடம் நான் அதிகம் பேசியதில்லை. நீ பிறப்பதற்கு முன்பே போனவன். கல்லறையில் பெயராக மட்டுமே உனக்குத் தெரிந்தவன். 1980-களில் இது தென்னார்க்காடு மாவட்டமாக இருந்தபோது, வயல்நீரில் பெருகும் கொசுவினால் பரவுகிற மூளைக்காய்ச்சல் இங்கே பல குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. பிழைத்த பிள்ளைகளிலும் சிலர் பேச்சோ நடையோ இழந்தார்கள். எங்கள் தெருவில் அந்த மழைக்காலத்தில் இரண்டு பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தது. ஒருவன் உன் அண்ணன், மற்றவன் எதிர்வீட்டுப் பையன். நாங்கள் முழங்காலில் நின்றோம். எதிர்வீட்டு அக்கா திருவந்திபுரம் பெருமாளுக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டார். அந்தப் பையன் ஒரு குறையும் இல்லாமல் பிழைத்து எழுந்து, இன்று பேரன் எடுக்கும் வயதை நெருங்கிக்கொண்டிருக்கிறான். அவன் பிழைத்ததில் எனக்கு அன்றும் சந்தோஷம், இன்றும் சந்தோஷம். அப்போதும் என்னிடம் ஒருவர் வந்து விசுவாசக் கணக்குச் சொன்னார். என் பிள்ளை போனது என் விசுவாசக் குறைவினால் என்றால், எதிர்வீட்டுப் பிள்ளை பிழைத்ததற்கு என்ன கணக்கு என்று கேட்டேன். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. அதன்பிறகு நம் வீட்டுப் பக்கமும் அதிகம் வரவில்லை.

ஆனால் அவர் வாயை அடைத்ததால் எனக்குள் இருந்த கேள்வி அடங்கிவிடவில்லை, மகளே. கர்த்தர் செய்ய வல்லவராயிருந்தும் ஏன் செய்யவில்லை என்கிற கேள்விக்கு இந்த வயதிலும் என்னிடம் பதில் இல்லை. பதில் கிடைத்த பிறகுதான் அவரை நம்புவேன் என்று இருந்திருந்தால், உன்னைப் பெற்று உனக்கு ஞானஸ்நானம் கொடுத்திருக்கவே மாட்டேன். நான் கற்றுக்கொண்டது வேறொன்று. அவர்மேல் உள்ள வருத்தத்தை அவரிடமே சொல்லலாம். அப்படிச் சொல்லுகிறவர்கள் அவரை விட்டுப் போனவர்கள் அல்ல. எண்பத்தெட்டாம் சங்கீதத்தை வாசி. "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே, இரவும் பகலும் உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன்" என்று தொடங்கி, கடைசி வசனம் வரைக்கும் ஒரு ஆறுதலும் இல்லாமல் முடிகிற சங்கீதம் அது. மற்றச் சங்கீதங்களைப் போலத் துதியில் கொண்டுபோய் அதை முடிக்க வேண்டும் என்று யாரும் திருத்தவில்லை. அப்படியே வேதத்தில் இருக்கிறது, அப்படியே சபை அதைக் காலங்காலமாக வாசித்துவருகிறது. யோபும் அதிகாரம் அதிகாரமாகத் தேவனை வழக்குக்கு இழுக்கிறார். அவருடைய சிநேகிதர்களோ, தேவனுக்காக வாதாடுவதாக நினைத்துக்கொண்டு, உன்னிடத்தில் பாவம் இருக்கும், யோசித்துப்பார் என்கிறார்கள். முடிவில் கர்த்தருக்குக் கோபம் மூண்டது யார்மேல்? "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" என்று அவர் சொன்னது அந்தச் சிநேகிதர்களைப் பார்த்துத்தான்.

அடக்க ஆராதனையன்று நீ கதறியபோது, "நம்பிக்கையற்றவர்களைப்போல அழக்கூடாது" என்று உன் தோளைப் பிடித்து அடக்கினார்களே, அது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியதில் அழுகைக்குத் தடை இல்லை. நம்பிக்கையற்றவர்கள் துக்கிக்கிறதுபோலத் துக்கிக்க வேண்டாம் என்றார், துக்கிக்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. விசுவாசத்தினாலே மட்டும் நீதிமான் ஆகிறோம் என்று உலகத்துக்கே எடுத்துச் சொன்ன லூத்தர், 1542-இல் தம் 13 வயது மகள் மக்தலேனாள் இறந்தபோது, நல்ல இடத்துக்குத்தான் போயிருக்கிறாள் என்று முழுவதும் நம்பியும், அழாமல் இருக்க முடியாமல் தவித்தார். லாசருவின் கல்லறைக்கு முன்னால் ஆண்டவர் செய்ததும் அதுதான். சற்று நேரத்தில் அவனை உயிரோடு வெளியே கூப்பிடப் போகிறவர், "இயேசு கண்ணீர் விட்டார்" என்று யோவான் எழுதுகிறார். அந்தச் சுவிசேஷத்தை எழுதியவர், சபை மரபின்படி, பட்டயத்தினால் கொலையுண்ட யாக்கோபின் உடன்பிறந்தவர் என்பதை நினைத்துக்கொண்டு அந்த வசனத்தைப் படித்தால், அது எனக்கு இன்னும் கனமாகப் படுகிறது. "நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்" என்று மார்த்தாளும் மரியாளும் ஒருவர்பின் ஒருவராக அவரிடமே குறை சொன்னதையும் யோவான்தான் விடாமல் எழுதிவைத்திருக்கிறார். அவர்கள் இருவரையும் ஆண்டவர் கடிந்துகொள்ளவில்லை.

அப்படியானால் எதை நம்புவது என்று கேட்பாய். பேதுருவின் கதையை முடிவு வரை கொண்டுபோய்ப் பார். அன்று இரவு தப்பிய பேதுருவும் பின்னர் ரோமாபுரியில் சாட்சியாக மரித்தார் என்பது சபை மரபு. அவர் முதிர்வயதில் எப்படி மரிப்பார் என்பதை ஆண்டவர் முன்கூட்டியே அவரிடம் சொல்லியும் இருந்தார். லாசருவும் இன்னொரு முறை சாக வேண்டியிருந்தது. சுகம் கிடைத்தாலும் அது சில காலத்துக்குத்தான். நாம் ஞாயிறுதோறும் எழுந்து நின்று, "சரீரம் உயிர்த்தெழுதலும் நித்திய ஜீவனும் உண்டென்று விசுவாசிக்கிறேன்" என்று சொல்கிறோமே, யாக்கோபுக்கும் பேதுருவுக்கும் கடைசியில் எஞ்சியிருந்தது அந்த ஒன்றே. உன் அண்ணனுக்கும் மாப்பிள்ளைக்கும் அதுவே. அதற்கு ஆதாரம் உன் மனதின் உறுதி அல்ல. கிறிஸ்து மரித்து எழுந்தார் என்பதே ஆதாரம். நீ உறுதியாக இருக்கும் நாளிலும் அது அவ்வளவுதான், உடைந்துபோகும் நாளிலும் அது அவ்வளவுதான்.

ஜெபிக்க வரவில்லை, வாயைத் திறந்தால் கோபமாக வருகிறது என்று எழுதியிருக்கிறாய். வரவில்லை என்றால் விடு. சங்கீதத்தை வாசித்துவிட்டு வேதத்தை மூடிவை; அது போதும். கோயிலுக்குப் போனால் பின்வரிசையில் உட்கார், பாட முடியாவிட்டால் பாடாதே, பக்கத்தில் இருப்பவர்கள் உனக்கும் சேர்த்துப் பாடட்டும். மாப்பிள்ளைக்கு ரத்தத் தட்டணு (பிளேட்லெட்) தேவைப்பட்ட நாட்களில், அந்தச் சபை வாலிபர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் வந்து, கையில் ஊசியோடு ஒரு மணி நேரத்துக்கும் மேலாக இயந்திரத்தின் பக்கத்தில் படுத்திருந்துவிட்டு, ஒரு டீ மட்டும் குடித்துவிட்டுப் போனார்கள். மஞ்சளாக, நீர்த்த மோர்போலக் கலங்கலாக இருந்த அந்தப் பையைக் கையில் வாங்கியபோது அதன் வெதுவெதுப்பு எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவர்களில் ஒருவரும் உன் விசுவாசத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சபை என்று உனக்கு யாரையாவது நினைக்கத் தோன்றினால், உபவாசக் கூட்டத்தில் பேசியவரை விட்டுவிட்டு அவர்களை நினைத்துக்கொள்.

பிள்ளையிடம் "இயேசப்பாவுக்கு உன் அப்பா தேவைப்பட்டார், அதனால் கூட்டிக்கொண்டார்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்றும், "எனக்கும்தானே தேவை" என்று அவன் கேட்டான் என்றும் எழுதியிருக்கிறாய். அவன் கேட்டது நியாயம். அப்படிப் பேசுவதை நிறுத்தச் சொல். அப்பாவுக்குப் பெரிய வியாதி வந்தது, டாக்டர்கள் முயற்சி செய்தார்கள், நாம் எல்லாரும் ஜெபித்தோம், ஆனாலும் அப்பா இறந்துவிட்டார், இயேசு ஒருநாள் அவரை எழுப்புவார், அதுவரைக்கும் நமக்கு அழுகை வரும் என்று உள்ளதை உள்ளபடி சொல். ஏழு வயதுப் பிள்ளைக்கு அது புரியும். இரவில் தூங்கும் முன் அவன் ஜெபத்தில் அப்பாவைப் பற்றி என்ன சொன்னாலும் திருத்தாதே.

உன்னிடம் விசுவாசக் கணக்குப் பேசியவர் மறுபடி வந்தால், அப்போஸ்தலர் பன்னிரண்டின் இரண்டாம் வசனத்தை வாசித்து விளக்கச் சொல். சம்பந்தியம்மாளிடம் மட்டும் இந்த வாதத்தைக் கொண்டுபோகாதே. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர், அவருக்கு அந்தக் கூட்டம் ஒரு பிடிமானமாக இருந்தால் இருக்கட்டும். வாரிசுச் சான்றிதழில் அவர் பெயரும் வர வேண்டும் என்பதால், விண்ணப்பத்தைப் பற்றி முதலில் அவரிடம் நீயே பேசிவிடு, வேறு யார் மூலமாகவும் சொல்லி அனுப்பாதே. அப்பா வரும் திங்கட்கிழமை இரவுப் பேருந்தில் புறப்பட்டுக் கோயம்புத்தூர் வருகிறார். தாலுகா அலுவலகத்துக்கு அவரே உன்னோடு வருவார். இறப்புச் சான்றிதழின் நகல்கள், ஆதார், குடும்ப அட்டை எல்லாவற்றையும் ஒரே உறையில் எடுத்து வைத்திரு. பையனுக்குப் பண்ருட்டி முந்திரி கொடுத்தனுப்புகிறேன்.

என்றும் உனக்காக ஜெபிக்கும்,
அம்மா